கீரனூருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையோடு

குடைவரைக் கோயில், பரோட்டா கடை, பஸ் நேரம் தேடி இந்த பிளாக்குக்கு வருகிறவர்கள் மன்னிக்கவும். இரண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை நான் கீரனூர் பக்கம் போனது ஒரு கொலை விஷயமாக. பஸ் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், பழக்கதோஷம்.

பொன்னமராவதிக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி, வயலோரத் தனி வீட்டில் இருந்த என் பெரியம்மாவை ஒன்றரை வருடத்துக்கு முன் பட்டப்பகலில் யாரோ கொன்றுவிட்டு, கழுத்துச் செயினோடு போய்விட்டார்கள். கதவு உடையவில்லை. காபி குடித்த டம்ளர் இரண்டு இருந்தது. அப்படியானால் தெரிந்த ஆள்தான் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். தெரிந்த ஆள் என்றால் யார்? ஒரே மகன் முருகேசன் அண்ணன். ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து அவருக்குக் கால் தேய்ந்துவிட்டது. கைதும் இல்லை, விட்டபாடும் இல்லை. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்து போகிறார்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, பெரியம்மா கம்பியில் குத்தி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை அண்ணன் எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் ஒன்று யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியவில்லை. அப்பா வழிச் சொந்தமாக இருக்கும் என்று அம்மா வழியும், அம்மா வழி என்று அப்பா வழியும் நினைத்திருந்தார்கள். முகூர்த்தம் கொலைக்குப் பத்து நாள் பிந்தி. மண்டபம் விராலிமலையில். அண்ணன் நேரில் போய் விசாரித்தார். அன்றைக்கு அங்கே கல்யாணமே நடக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள், பத்திரிகை வைக்க வந்தவரை "நீங்க யாரு" என்று நம் ஊரில் யாராவது கேட்போமா? முகம் தெரியாவிட்டாலும் "வாங்க வாங்க" என்று உட்காரவைத்துக் காபி போடுவோம். வந்தவன் அதைத் தெரிந்து வந்திருக்கிறான், பாவி.

"ஒரே ஒரு பத்திரிகைய வச்சு என்னங்க பண்றது?" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் பழைய பேப்பரில் பார்த்தேன்: அதே வாரம் கீரனூர் பக்கம் ஒரு வீட்டில் தனியாக இருந்த ஒரு அம்மாவையும் கொன்றிருக்கிறார்கள், அங்கேயும் இரண்டு டம்ளர். அங்கே இந்தப் பத்திரிகை இருந்தால் அண்ணன் தப்பித்தார். இல்லாவிட்டால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

நானும் அண்ணனும் கிளம்பினோம். பொன்னமராவதியில் காலை 7.10-க்கு பஸ். ஒன்றேகால் மணி நேரத்தில் புதுக்கோட்டை. இட்லி இரண்டு பேருக்கு 80 ரூபாய், சட்னி புளிப்பு. 9.15-க்குத் திருச்சி பஸ், நாற்பது நிமிடத்தில் கீரனூர். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய்.

"கொலை நடந்த வீட்டுக்கா போறீங்க? மகன்காரந்தாங்க பண்ணிருப்பான். குடிகாரப் பய. ஊரே சொல்லுது" என்றார் ஆட்டோக்காரர்.

"ஊரு பாத்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் என் கையைப் பிடித்து அமுக்கினார்.

இறந்தவரின் மகள் ஸ்டெல்லா டீச்சர் இப்போது அந்த வீட்டில் இருக்கிறார். கேட்டைத் திறக்கவில்லை. "யாருங்க நீங்க? அங்கிட்டே நின்னு சொல்லுங்க." விஷயத்தைச் சொன்னோம். ஆதார் கார்டைக் காட்டச் சொன்னார், போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அண்ணன் சொன்னார்: "கேக்கட்டும்மா. எங்கம்மா இப்பிடிக் கேட்டிருந்தா உசுரோட இருந்திருக்கும்."

அது டீச்சர் காதில் விழுந்தது. உள்ளே போய் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். அவர் அம்மா சேர்த்து வைத்த பத்திரிகைகள். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பை பாதி காலியானபோது கிடைத்தது. அதே மாப்பிள்ளை, அதே பெண், அதே மண்டபம்.

அண்ணன் மண்ணிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். டீச்சர் அழவில்லை. "எந் தம்பிகூட ஒன்னர வருசமாப் பேசலைங்க. நானும் அவந்தான்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. நாலாவது தடவை, "சொல்லுக்கா" என்று ஒரு குரல். டீச்சர் "தம்பி, தம்பி" என்று மட்டும் சொன்னார். "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அந்தக் குரல் பதறியது.

ஆள் இன்னும் சிக்கவில்லை. அதனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பெரியவர்கள் தனியாக இருக்கிற வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனால் முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுப் போங்கள். வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டால் கோவித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

திங்கட்கிழமை புதுக்கோட்டை எஸ்.பி. ஆபீசில் இரண்டு குடும்பமும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். இரண்டு வழக்கையும் சேர்த்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். டீச்சரின் தம்பியும் வந்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணனிடம் கேட்டார்: "ஒங்களையாவது வீட்டாளுக நம்புனாங்களாண்ணே?"

"எந் தங்கச்சி நம்புச்சு" என்றார் அண்ணன், என்னைக் காட்டி.

பெரியம்மா இறந்த முதல் மூன்று மாதம் நான் அண்ணனுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அது அவருக்கும் தெரியும்.