பாபநாசத்தில் விட்ட சட்டை

பிள்ளைகளா,

தினமும் காலையில் வளர்ந்த ஆண்களை நிறுத்தி வைத்து "குட் மார்னிங்" சொல்ல வைப்பதுதான் அமெரிக்காவில் இந்தக் கிளினிக்கில் என் வேலை. மரியாதைக்காக இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் சிவப்பு மருந்து ஊற்றித் தருவாள். வந்தவர் அதை என் கண் முன்னால் குடித்துவிட்டு ஏதாவது பேச வேண்டும். பேசினால்தான் மருந்து உள்ளே இறங்கிற்று என்று தெரியும். வெளியே விற்க வாயில் அடக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, வாத்தியார் முன் நிற்கிற பையனைப் போல எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆரம்பத்தில் கூச்சத்தில் என் தலை நிமிரவில்லை. இப்போது கூச்சம் போய்விட்டது. அசதி மட்டும் இருக்கிறது.

இவர்கள் ஹெராயின் பழக்கத்தில் விழுந்து, அதனாலேயே ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள். ஜெயிலிலிருந்து வருகிறவர்களுக்கு எப்படி வைத்தியம் செய்தால் நிலைக்கும் என்று ஒரு டாக்டரம்மா இங்கே ஆராய்ச்சி செய்கிறார். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஆட்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார். ஒரு பாதிக்கு ஜெயிலுக்குள்ளேயே மெத்தடோன் என்கிற இந்த மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். மறு பாதிக்கு, வெளியே போனதும் இங்கே வாருங்கள் என்று விலாசம் மட்டும் கொடுப்பார்கள். "எல்லாருக்கும் கொடுத்தால் என்ன?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஒப்பிட்டுக் காட்டாமல் எந்த நீதிபதியும் நம்பமாட்டார்" என்றார். பத்தாவது வரை படித்த எனக்கு அந்த நியாயம் பாதி புரிந்தது, பாதி நெஞ்சில் நின்றுவிட்டது.

ரேமண்ட் என்று ஒருவர், விலாசம் மட்டும் கிடைத்தவர். வெளியே வந்த சில நாளிலேயே பழையபடி ஊசி போட்டு, உதடு நீலம் பாரித்து தெருவில் கிடந்தவரை ஆம்புலன்ஸ்காரர்கள் எழுப்பினார்கள். ஜெயிலில் இருக்கிற காலத்தில் உடம்பு அந்த விஷத்தைத் தாங்குகிற பழக்கத்தை விட்டுவிடுமாம். பழைய அளவே ஆளைக் கொன்றுவிடுமாம். அதற்குப் பிறகுதான் அவர் இந்த ஜன்னலுக்கு வந்தார்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் செல்வம் மாமாவுக்காகத்தான். மாமா வேலை விஷயமாக வெளியூர் போயிருந்ததாகத்தானே சொன்னோம்? அது உண்மை இல்லை. தூத்துக்குடியில் லாரி செட்டில் வேலை பார்த்தபோது பிரவுன் சுகர் என்கிற ஹெராயின் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதே கேஸில் பிடிபட்டு உள்ளே இருந்தான். ஜாமீனில் வந்த அன்றைக்கே அம்மா அவனை ஜங்ஷனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். இந்தச் சிவப்பு மருந்து மாதிரியே, நாக்குக்கு அடியில் வைக்கிற ஒரு மாத்திரை கொடுத்தார். அதை ஒரு நாளும் விடக் கூடாது என்று நான் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் தாத்தா அவனைப் பாபநாசத்துக்குக் கூட்டிப்போனார். ஜெயிலுக்குப் போய் வந்தவனை முங்க வைக்காமல் வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு மனசு இல்லை. முங்கி எழுந்து, கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விடுவது அங்கே வழக்கம். படித்துறையில் காலை வைத்தால் யார் யாருடைய சேலையோ வேட்டியோ காலைச் சுற்றும். மாமாவின் சட்டையும் அப்படித்தான் போயிற்று. மாத்திரை அட்டை அந்தச் சட்டைப்பையில் இருந்தது.

"அவன் பார்த்துக்கிட்டுதான் நின்னான். எடுக்கவும் இல்ல, ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல" என்று அம்மா பூத்திலிருந்து போனில் அழுதாள். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இதோடு போயிற்று என்று நம்ப அவனுக்கும் ஆசை இருந்திருக்கும்.

போனைத் தாத்தாவிடம் கொடுக்கச் சொன்னேன். "மாமா, திரும்ப மாத்திரை வாங்கிக் குடுங்க. இப்பத்தான் ஆபத்து அதிகம்" என்றேன்.

"மாப்ளே, எம் மவன் ஆத்துல முங்கி எந்திச்சுட்டான். உடுத்த துணியோட எல்லாம் போயிட்டு. இனியும் மருந்து குடுத்தா, முங்குனதுக்கு என்ன அர்த்தம்? போதைக்குப் போதையைக் குடுத்துக் காப்பாத்துதாங்களாம்! அமெரிக்காக்காரன் சொன்னா எல்லாம் சரியா வே?"

கோபத்தில் மாப்பிள்ளை என்பதை மறந்து 'வே' போட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ரேமண்டிடம், எங்கள் ஊராக இருந்தால் உங்களை ஆற்றில் முங்க வைத்துச் சட்டையை ஆற்றோடு விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அது எந்த புரோகிராம்? எத்தனை வாரம்? கோர்ட் ஒத்துக்கொள்ளுமா?" என்று நிஜமாகவே கேட்டார். புரோகிராம் இல்லை, ஆறு என்று விளக்கினேன். தன் ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டார். "இருக்கிறதே இது ஒன்றுதான், மேன்" என்றார். ஆனால் போகும்போது திரும்பி, "அதில் முங்கினால் இந்த ஆசை போய்விடுமா?" என்று கேட்டார். போகாது என்று சொல்ல மனசில்லாமல், நாளைக்கும் வாருங்கள் என்றேன். நானும் அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தானே.

அதற்குள் அம்மா என்னையும் கேட்கவில்லை, தாத்தாவையும் கேட்கவில்லை. மாமாவைத் திரும்ப அந்த டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள். தாத்தாவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "முங்குனது பாவத்துக்குப்பா. இது உடம்புக்கு. நீங்க சுகர் மாத்திரை திங்கலையா?"

தாத்தா தடுக்கவில்லையாம். சரி என்றும் சொல்லவில்லை. சாயந்தரம் விளக்கு வைத்ததும் மாமா நாக்குக்கு அடியில் அம்மா மாத்திரையை வைக்கிறாள். அது முழுதும் கரைகிறவரை அவன் பேசவோ எச்சில் விழுங்கவோ கூடாது. தாத்தா வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாராம். கொஞ்ச நேரம் பொறுத்து, முதுகைக் காட்டிக்கொண்டே, "கரைஞ்சுட்டா, லே?" என்பாராம். மாமா "ம்" என்று மட்டும் சொல்வானாம். "இன்னும் கரையல, சும்மா இருங்கப்பா" என்று அம்மா சத்தம் போடுவாளாம்.

மாமா தேறிவிடுவான் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. இந்த ஜன்னலில் நான் பார்த்தது அப்படி. நேற்றுவரை வந்தவர் இன்றைக்கு வராமல் போவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். ஆகவே நீங்கள் மாமாவை எதுவும் கேட்க வேண்டாம். அந்த நேரத்தில் மட்டும் அவனிடம் பேச்சுக் கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படியுங்கள். போதும்.

நீங்கள் விளக்கு வைக்கிற நேரம் எனக்கு ஜன்னல் திறக்கிற நேரம். இன்று ரேமண்ட் முதல் ஆளாக வந்து நின்றார். அதே ஜாக்கெட். கப்பைக் கவிழ்த்துக் குடித்தார். அவர் வாய் திறக்கிறவரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் காது பாளையங்கோட்டையில் நம் வீட்டில் இருந்தது. அங்கே யாரும் பேசிவிடக் கூடாதே என்று இருந்தது.

"குட் மார்னிங், மேன்" என்றார் ரேமண்ட்.

"ம்" என்றேன்.

அன்புடன்,
அப்பா