ஐந்தாம் மணிக்காரி

ஹெஸ்டர் லெகட் கஞ்சா இழுக்கிறாள் என்ற செய்தி எங்கள் ஊருக்குள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. புதன்கிழமை மதியத்துக்குள் ரொட்டிக்கடை, தபால் அலுவலகம், தேவாலயத்துப் பூ அலங்காரக் குழு என்று ஓரிடம் விடாமல் சுற்றிவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் சர்க்கரை பீட் கிழங்கு வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர் இது. ஒரு வீட்டில் திரைச்சீலை மாற்றினாலே இரண்டு நாள் பேசுவார்கள்.

செய்தியைச் சொன்னது யார் என்று கேட்டால், அவளேதான். ஊர் மதுக்கூடமான பப்பில், தேவாலய மணிக்கூடத்தில் கயிறு இழுத்து மணி அடிக்கும் எங்கள் குழுவின் தலைவர் வில்ஃப் டிரிங் முகத்துக்கு நேராக. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர் சொல்கிற ஹெஸ்டரையும் நான் அறிந்த ஹெஸ்டரையும் ஒரே ஆள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டிவிடுவது தொழில். கைராசிக்காரி, கடிக்கிற நாய்கூட அவள் மேசையில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் தொட்ட காரியத்தை முடிக்கிற வழக்கம் சின்ன வயதிலிருந்தே கிடையாது. ஒருமுறை நனைந்த ஸ்பானியல் ஒன்றைத் தொட்டியில் விட்டுவிட்டுத் துண்டு எடுக்கப் போனாள். வழியில் கொல்லைக்கதவில் பெயின்ட் உரிந்திருப்பது கண்ணில் பட்டது. சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். நாய் தானாக இறங்கி வந்து, சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததாம். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்காத பக்கமும் உண்டு. கடையைப் பூட்டினோமா என்று ஐந்து முறை திரும்பிப் போய்ப் பார்ப்பாள். கூட்டமான கடைக்குப் போக வேண்டியிருந்தால் காலையிலேயே வாந்தி எடுத்துவிடுவாள்.

மணிக்கூடத்தில் மட்டும் அவள் சிதறி நான் பார்த்ததில்லை. எட்டுக் கயிறு, எட்டுப் பேர். எட்டு மணியும் ஆளுக்கொரு முறை அடித்தால் ஒரு வரிசை, அதற்கு இரண்டு நொடி. ஒவ்வொரு வரிசையிலும் யாருக்கு அடுத்து யார் என்பது மாறிக்கொண்டே இருக்கும். தாளில் எழுதிப் பார்த்து இழுக்கக் கூடாது, எல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும். மேலே தொங்குவது அரை டன் வெண்கலம். கயிறு கை தப்பினால் ஆளையே தூக்கி அடிக்கும். எனக்கெல்லாம் பத்து நிமிடத்தில் தலை கிறுகிறுக்கும். அவளுக்கோ அதுதான் ஓய்வு.

அவளுடைய இருபத்தொன்பதாவது வயதில் அப்பா இறந்தார். மூன்று வாரம் தூங்காமல், பேசிக்கொண்டே, வீட்டையே புரட்டிப் போட்டாள். பக்கத்து நகரத்தில் ஒரு நிபுணர் இருபது நிமிடம் அவளைப் பார்த்தார். இருமுனைக் கோளாறு என்று எழுதினார். வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றார். "சரி டாக்டர்" என்றாள். ஒன்பது வருடம் அதையேதான் சொன்னாள். உடம்பு ஊதியது. பகலிலும் தூக்கம். அதைவிடக் கொடுமை, கை நடுக்கம். ஒரு பூடில் நாயின் காது நுனி கத்தரியில் பட்டு ரத்தம் வந்த அன்று தொழிலை விட்டாள். அதற்கு முன்பே மணியையும் விட்டிருந்தாள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் சொல்லும் போதெல்லாம், அப்படிச் சொல்வதே நோயின் அடையாளம் என்று குறித்துக்கொண்டார்கள். இல்லை என்றாலும் நோய், ஆமாம் என்றாலும் நோய் என்றால் ஒருத்தி எங்கேதான் போவாள்?

அப்புறம் வந்த ஒரு புது டாக்டரம்மா, பழைய கோப்பு முழுவதையும் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஏழு வயசுல நீங்க எப்படி இருந்தீங்க?" அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. ஹெஸ்டர் ஒரு மணி நேரம் அழுதுகொண்டே பதில் சொன்னாள். பிறவியிலிருந்தே இருந்த ஏடிஎச்டி என்கிற கவனச்சிதறல், அதன்மேல் ஏறி உட்கார்ந்த பதற்றம், இவ்வளவுதான் அவளுக்கு. இருமுனையும் இல்லை, ஒருமுனையும் இல்லை.

பழைய மாத்திரைகளை டாக்டர் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைக்க ஒரு வருடம் பிடித்தது. ஏடிஎச்டிக்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரைகள் இரண்டையும் முயன்றார்கள். நெஞ்சு படபடத்து, பதற்றம் இரட்டிப்பானது. கடைசியாகத்தான் ஒரு தனியார் மருத்துவமனை நிபுணர் கஞ்சாவை எழுதிக் கொடுத்தார். நிபுணர் எழுதிக் கொடுத்தால் எங்கள் நாட்டில் அது சட்டப்படி மருந்து. இரவுக்கு நாக்கடியில் சில சொட்டு எண்ணெய். பகலில் தேவைப்பட்டால் காய்ந்த பூ கொஞ்சம். சுருட்டிப் புகைப்பது கிடையாது. டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியில் சூடாக்கி ஆவியை இழுப்பாள். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்ல வரவில்லை. அவளுடைய டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இவளுக்கு ஒத்துவந்தது, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் கடையைத் திறந்தாள். எட்டாவது மாதம் மணிக்கூடத்து ஏணிப்படியில் ஏறி வந்து, ஐந்தாம் மணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இது என்னோடதுதானே?" என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நான் லின். முதல் மணி இழுப்பவள். எட்டில் சின்னது, எளிதானது. முப்பது வருடம் தபால் அலுவலக முகப்பில் உட்கார்ந்திருந்ததால் வாய் கொஞ்சம் நீளம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து பப்பில் உட்கார்ந்திருந்தோம். அடுத்து வந்த மே மாதம் எங்கள் மணிகளுக்கு நூறு வயது. அதற்காக முழுச்சுற்று ஒன்று இழுக்கலாம் என்று வில்ஃப் அறிவித்தார். ஐயாயிரத்து நாற்பது வரிசை, மூன்று மணி நேரம், நடுவில் நிறுத்தமே கிடையாது. எட்டில் ஒருவர் குழம்பினாலும் எல்லாம் வீண். ஹெஸ்டர் முழுச்சுற்று இழுத்ததே இல்லை. அதற்குத் தயாராகிக்கொண்டிருந்த வருடத்தில்தான் அவளை மாத்திரைக்குள் தள்ளினார்கள். ஐந்தாம் மணியை இழுக்க அவள் பெயரைச் சொன்னதும் சந்தோஷத்தில் அவள் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தாள். காய்ந்த பூ இருந்த டப்பா உருண்டு வில்ஃபின் காலடிக்குப் போனது. அவர் குனிந்து எடுத்தார்.

"என்னம்மா இது, இந்த நாத்தம் நாறுது?"

"கஞ்சா."

"விளையாடாதே."

"சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க. என் பேரு, டாக்டர் பேரு, மருந்துக்கடை பேரு. உங்க மூட்டுவலி மாத்திரையில கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டாங்க."

வில்ஃப் கெட்டவர் இல்லை. சர்க்கரை ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்காணித்த பிரிவில் ஒருவனுக்கும் விரல் நுனிகூடப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. டப்பாவைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து மேசையில் வைத்தார்.

"போதையில இருக்கிறவ கையில கயித்தைக் குடுத்துட்டு நான் எப்படி நிம்மதியா நிக்கிறது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உன் கையில இருக்கிறது மூணாவது கிளாஸு, வில்ஃப். போன சனிக்கிழமை கல்யாணத்துக்கு ரெண்டு கிளாஸ் ஊத்திட்டுத்தானே படியேறினே?"

"பீர் வேற, லின்."

"ஆமாமா, வேறதான். நீ குடிச்சா தெம்பு, அவ குடிச்சா போதை."

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. ஹெஸ்டர் என் முழங்கையைத் தட்டி அமர்த்தினாள்.

"நான் இழுக்கிற அன்னிக்குக் காலையிலேர்ந்து அதைத் தொடமாட்டேன், வில்ஃப். கயித்தைக் கட்டி வச்சப்புறம்தான். இது டாக்டர் போட்ட விதி இல்ல, நானே போட்டுக்கிட்டது. எழுத்துல வேணும்னா சொல்லுங்க, வாங்கித் தர்றேன்."

எழுத்தில் வேண்டும் என்றார்கள். தேவாலயக் குழு கூடியது, ஒரு படிவம் தயாரித்தது, அதைத் திருத்த இன்னொரு முறை கூடியது. ஹெஸ்டர் டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தாள். குழுவுக்கு அது போதும். வில்ஃபுக்குப் போதவில்லை.

"இழு கண்ணு, வேண்டாம்னு சொல்லல. ஆனா முழுச்சுற்றுல உன்னால வரிசை கொலைஞ்சா அங்கேயே நிறுத்திடுவேன். அதுக்கப்புறம் எங்ககூட உனக்குக் கயிறு கிடையாது."

"ரொம்பச் சரி" என்றாள். வெளியே வந்ததும் நான்தான் கத்தினேன். "உனக்குப் பைத்தியமாடி? ஏன் ஒத்துக்கிட்டே?"

"நான் தப்பு பண்ணமாட்டேன், லின்" என்றாள். வானிலை சொல்வதுபோல் சொன்னாள்.

மே மாதம், சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். கல்லறைத் தோட்டத்தில் நாற்காலி போட்டு, சாண்ட்விச்சைப் பிரித்துவைத்து, பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் மணி கேட்க வந்தவர்கள். மீதிப் பேர் ஹெஸ்டர் எப்போது விழுவாள் என்று பார்க்க வந்தவர்கள். வில்ஃப் ஆறாம் மணி. மாற்றங்களைக் கூவிச் சொல்வதும் அவர்தான். அவர் வாய் திறந்தால் மற்ற ஏழு பேரும் கேட்க வேண்டும். இழுக்கும்போது எதிர்த்துப் பேசுவது எங்களிடம் இல்லை.

முதல் மணி நேரம் வெண்ணெய் மாதிரிப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. ஹெஸ்டர் நிற்பதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. தோள் தளர்ந்து, கண் மட்டும் கயிற்றுக்குக் கயிறு தாவிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நாற்பது நிமிடம் கடந்திருக்கும். வில்ஃப் ஒரு மாற்றத்தைக் கூவினார். அடுத்த வரிசையில் இரண்டு மணி ஒரே நேரத்தில் அடித்து, ஓசை ஒன்றோடொன்று மோதியது. தட்டுமுட்டுச் சாமான் படிக்கட்டில் உருள்வதுபோல் ஒரு சத்தம்.

"அஞ்சாம் மணி! நீ என் இடத்துல இருக்கே! மாறு!" என்று கத்தினார் வில்ஃப்.

அறையில் எல்லாக் கண்ணும் ஹெஸ்டர் மேல். மாறுவாள் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வருடம் "சரி டாக்டர்" என்று சொன்னவள்தானே.

"மாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. கயிறு தன் போக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "நான் சரியாத்தான் இருக்கேன். நீங்கதான் உங்க இடத்தைத் தாண்டிட்டீங்க, வில்ஃப். நீங்க மாறுங்க."

இன்னொரு மோதல். வில்ஃபின் கழுத்து சிவந்தது. "நில்லுங்க" என்ற ஒரு வார்த்தை அவர் வாயில் வந்துவிட்டது, உதடு குவிந்ததை நான் பார்த்தேன். அது வெளியே வந்தால் இரண்டே முக்கால் மணி நேரம் போச்சு, ஹெஸ்டரும் போனாள்.

அவர் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து ஒரு வரிசை முழுக்கக் காதால் கேட்டார். பிறகு தன் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துப் பிடித்து, ஹெஸ்டரை முன்னால் விட்டு, பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். அடுத்த வரிசை ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டும் தனித்தனியாகச் சுத்தமாக விழுந்தது. கடைசி வரிசைவரை அப்படியே போயிற்று.

முடிந்ததும் வில்ஃப் கயிற்றைச் சுருட்டிக் கட்டிவிட்டு ஹெஸ்டரிடம் வந்தார். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதை ஒப்புக்கொள்கிற யானையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான்தான் தாண்டினேன். நீ மாறியிருந்தா மொத்தமும் பொய்யாப் போயிருக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். அவளும் குலுக்கினாள்.

மற்றவர்கள் பீரைத் தேடி இறங்கிப் போனார்கள். நானும் அவளும் மட்டும் நின்றோம். அவள் பையிலிருந்து கருவியை எடுத்து, டப்பாவைத் திறந்து, நிதானமாக நிரப்பிக்கொண்டிருந்தாள்.

முதல் மணி இழுப்பவள் ஒவ்வொரு சுற்றிலும் மற்ற ஏழு மணியையும் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். யார் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது மற்றவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஹெஸ்டருக்கும் அது தெரியும்.

"லின், வில்ஃப் தாண்டினதை நீ பாத்தே இல்ல?" என்று கேட்டாள், தலையை நிமிர்த்தாமல்.

பார்த்தேன். முதல் மோதலிலேயே பார்த்துவிட்டேன். ஊர் முழுக்க அவளுக்காகச் சண்டை போட்டவள் நான். ஆனாலும் அந்த நொடியில், ஒருவேளை மருந்துதானோ, என் கண்தான் தப்போ என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"பாத்தேன்" என்றேன்.

அவள் மூடியைத் திருகி மூடினாள். "தெரியும். மோதினதும் வில்ஃப் பக்கம் திரும்பின உன் முகத்தைப் பாத்துத்தான் நான் சரின்னு உறுதிப்படுத்திக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். "அடுத்த தடவை வாயாலயும் சொல்லு, கண்ணு."