அவர் பேரைச் சொல்ல வைத்த அம்மன்

அம்மனை நம்புகிறவர்களே, இதைச் சொல்லும்போதும் என் கோபம் தீரவில்லை. தீர்ந்ததுபோல நடிக்க மாட்டேன்.

ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை, சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. சண்டை முடிந்ததும், அதே தோட்டத்தில் இருந்த என் தம்பி டவுன் பக்கம் காஜா பேராங்கில் வீடு பார்த்து என்னையும் கூட்டி வந்தான். சமைத்தேன், துவைத்தேன், அவன் பிள்ளைகளை வளர்த்தேன். அவரைப் பற்றி வாய் திறந்தால் போதும், "பழசப் பேசாதீங்க அக்கா, வீட்டுக்கு ஆகாது" என்பான். பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எனக்கு அறுபத்திரண்டு வயது. ஊரே கொடி கட்டியது. வீட்டில் எல்லாரும் புதுத்துணி உடுத்திக் கிளம்பினார்கள். நான் மூலையில் கிடந்தேன். "ஒங்களுக்கென்ன கவல அண்ணி? சோறு இருக்கு, எடம் இருக்கு" என்றாள் தம்பி மனைவி. அந்தச் சோற்றை அன்று தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. இப்படியே போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை. சண்டை போட்டேன்.

"நீயும் பொம்பளதானே? அவரக் குடு. இல்லன்னா அவரப் பத்திக் கேக்க ஒரு ஆளக் குடு. ரெண்டும் முடியாதுன்னா இங்க எதுக்கு ஒக்காந்திருக்க?"

பின்னால் ஒருத்தி நின்றிருந்தாள். மலாக்கா செட்டி வீட்டு அம்மா, என் வயதுதான். பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர்கள் அவர்கள், வீட்டில் பேசுவது மலாய். என் தமிழ் அவளுக்கு முழுசாகப் புரிந்திருக்காது. ஆனாலும் கையைப் பிடித்து உட்கார வைத்து, "நாமா டியா சியாப்பா?" என்றாள். அவர் பேர் என்ன என்று கேட்டாள்.

கட்டிய புருஷன் பேரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். "முனியாண்டி." இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அப்புறம்தான் அழுகை வந்தது. அவளும் ஒரு பேர் சொன்னாள். சயாமுக்குப் போன அவள் மகன். பூசை முடியும்வரை இரண்டு பேரும் திட்டினோம். பிடித்துப் போனவனை, பார்த்துக்கொண்டிருந்தவனை, மறந்துவிட்ட ஊரை.

வீட்டுக்கு வந்து தம்பியை உட்கார வைத்தேன். "இனிமே அவரப் பத்திப் பேசுவேன். கேக்க முடியலன்னா எந்திரிச்சுப் போ."

அவன் போகவில்லை. "மாமாவ லாரியில ஏத்தறப்ப பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் அக்கா. நான் ஒளிஞ்சிக்கிட்டேன்" என்றான்.

இதற்காகவா என் வாயைக் கட்டினான்? கத்தித் தீர்த்தேன். முழுசாக இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அன்று அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆள் கேட்டேன், இரண்டு ஆளைக் கொடுத்தாள் என் தாய்.

வயதாகிவிட்டது, அடங்கிக் கிட என்று யார் சொன்னாலும் அடங்காதீர்கள். நெஞ்சில் கிடப்பதை அவளிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். பூவும் பழமும் இல்லையென்றால் கோபத்தோடு போங்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள்.