ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தது

எண்பதுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு லாபில் திசுக்களைப் பார்த்து நோய் சொல்வது என் வேலை. பக்கத்து நர்சிங் ஹோம் டாக்டர் ஒருவர் ஈரல் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை அனுப்பியிருந்தார். பெண், வயது ஐம்பத்திரண்டு என்றது படிவம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். புற்றுதான். ஆனால் செல்கள் பெரிது பெரிதாக இருந்தன, நடுவே நார் பட்டை பட்டையாக ஓடியது, ஓரத்து ஈரலில் ஒரு பழுதும் இல்லை. சின்ன வயசுக்காரர்களுக்கு அபூர்வமாக வரும் ஒரு வகை இப்படி இருக்கும், வெட்டி எடுத்தால் பிழைக்க வழியுண்டு என்று படித்திருந்தேன். போன் போட்டு வயதைக் கேட்டேன்.

"எழுதினதுதான் வயசு" என்றார் டாக்டர்.

கண்ணால் கண்டதை விட்டுக் காகிதத்தை நம்பினேன். வெட்டியும் பயனில்லாத வழக்கமான ஈரல் புற்று என்று கையெழுத்துப் போட்டேன். என் முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

உறுத்தல் விடவில்லை. இரண்டு மாதம் கழித்து, படிவத்திலிருந்த மந்தைவெளி விலாசத்துக்கே போனேன். கதவைத் திறந்த மாமியின் பெயர்தான் படிவத்தில் இருந்த பெயர். உடம்பு எப்படி இருக்கிறது என்றேன்.

"நேக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பொண்ணுக்குத்தான் காமாலை."

உள்ளே ஒரு பெண், மஞ்சள் பூத்த கண்களோடு, கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது.

லாபிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் அப்பா என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மெதுவாப் பேசுங்கோ. நிச்சயம் ஆயிடுத்து. சம்பந்தியாத்துக்காரா உங்க லாப் தெருவுலதான் இருக்கா. காதுல விழுந்துடுமேன்னுதான் ஆத்துக்காரி பேரைக் குடுத்தேன். டாக்டர் நம்ம சிநேகிதர்."

தெருவே கேட்கட்டும் என்று கத்தினேன். ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்து, சர்ஜன் ஒருவரிடம் அவளைக் கூட்டிப்போனேன். அவர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"முன்னாடியே வந்திருந்தா எடுத்துப் பாத்திருப்பேன்" என்றார்.

அவள் காரியமெல்லாம் முடிந்து, ஒருநாள் அப்பா லாபுக்கு வந்தார். அழ வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"டாக்டர், பழைய ரிப்போர்ட்டு ஆத்துக்காரி பேர்லயே இருக்கட்டும். ரெண்டாமவளுக்கு ஜாதகம் எடுத்திருக்கோம்."

"அவளுக்கு உடம்புக்கு வந்தால் யார் பேரில் அனுப்புவதாக உத்தேசம்?" என்று கேட்டேன்.

அவர் ரிப்போர்ட்டில் மட்டும் கை வைத்துவிட வேண்டாம் என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.