குழாயடியில் கிடைத்த பதில்

தொண்ணூறுகளில் ஒரு கோடை. குடிநீர் விநியோகம் மக்களுக்குத் திருப்தியா என்று கேட்டு எழுதும் வேலை எனக்கு. அவிநாசி போகும் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அங்கே குழாயடியில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒல்லி உடம்பு, இழுத்துச் செருகிய சேலை, கையில் பித்தளைக் குடம். யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார்.

என் கேள்வியைக் கேட்டேன்.

"ஒரு நிமிசம் இருங்க கண்ணு, வாரேன்" என்றவர், குறுக்கே குடத்தை நுழைத்த பெண்ணிடம் திரும்பி, "எடுத்துருங்க அம்மணி" என்றார். அவள் எடுக்கவில்லை. பித்தளைக் குடம் அவள் நெற்றியில் இறங்கியது. முகமெல்லாம் ரத்தமாக அவள் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். வரிசை ஓரடி நகர்ந்தது.

நசுங்கிய குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் என்னிடம் வந்தார்.

"இன்னைக்கு எனக்குத் திருப்திங்க. அடுத்த தண்ணிக்கு வந்து அவங்களைக் கேளுங்க."

"அப்ப நீங்க?"

"நான் அங்க உக்காந்திருப்பனுங்க" என்று சேற்றைக் காட்டினார்.

அடுத்த தண்ணிக்கு நான் போகவில்லை. போயிருந்தால் கேட்கவே வேண்டியிருக்காது. இருவர் நெற்றியையும் பார்த்தே எழுதியிருக்கலாம்.