விரல் சங்கத்துக்கு ஒரு மெழுகுத் தொட்டி

முடக்குவாதம் என்று மருத்துவர் சொன்னபோது தையல்கடை அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு. இது போகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். காலையில் எழுந்தால் விரல்கள் வீங்கி விறைத்துக் கிடக்கும். பல் துலக்கப் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. பதினொரு மணிக்கு மேல் மெல்ல இளகும். சாயங்காலம் பார்த்தால் ஆள் குத்துக்கல் மாதிரி திடமாக இருப்பார். இந்த நோயின் அயோக்கியத்தனமே அதுதான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இதே நோயோடு காத்துக்கிடந்த பதினான்கு பேரைச் சேர்த்து அக்கா ஒரு சங்கம் ஆரம்பித்தார். "விரல் சங்கம்" என்று கணவர் கிண்டல் செய்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுக்கும் தொட்டி ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. முக்கினால் விரல்கள் சீக்கிரமே வேலைக்கு வரும். அது பழுதாகி இரண்டு வருஷம். புதிது வாங்கப் பணம் இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அக்கா உண்டியல் வைத்தார், கடை கடையாக ஏறி இறங்கினார், கூட்டங்களில் தொண்டை வறளப் பேசினார். பாதித் தொகைகூடத் தேறவில்லை. "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்ற ஒரே பேச்சை எத்தனை வாயிலிருந்துதான் கேட்பது?

கடைசியில் ஒரு அறக்கட்டளை நேரில் வரச் சொன்னது. மாலை நாலு மணிக்கு. அங்கேதான் அக்கா தொழில் புத்தியால் கெட்டார். தையல்கடை வைத்திருப்பவர் ஏனோதானோ என்று உடுத்திக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கலாமா? மதியத்துக்கு மேல் கை ஒத்துழைத்த நேரத்தில் மட்டும் தைத்து, இரண்டு வாரத்தில் முடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். கழுத்தோரம் முழுக்க நுணுக்கமான ஊசிவேலை. செயலாளர் அம்மா அதையே பார்த்திருந்துவிட்டு, யார் தைத்தது என்று கேட்டார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நான்தாங்க. எல்லாம் கையாலேயே போட்டது," என்றார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. கைகள் நன்றாக இயங்குவதை நேரில் கண்டதால் கோரிக்கையை ஏற்க முடியவில்லையாம்.

அடுத்த தடவை பழைய துணி உடுத்தி, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போகும்படி கணவர் யோசனை சொன்னார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயும் வந்து, அதற்கு வேஷமும் கட்ட வேண்டுமா? செயலாளருக்கு போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: ஒருநாள் காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும்.

அந்த அம்மா வந்தார். அக்கா எதையும் விளக்கவில்லை. கடைக்குப் போடும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு முதல் பட்டனைப் பிடித்தார். மொத்தம் ஏழு. விரல் வழுக்கியது, உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினார். ஒரு பட்டன் ஏற நாலு நிமிடம் ஆனது. மூன்றாவதில் கண்ணில் தண்ணீர் முட்டியது. வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். நான்காவது ஏறியதும் செயலாளர் பொறுக்கமாட்டாமல் எழுந்து, போட்டுவிடக் கையை நீட்டினார். அக்கா விலகிக்கொண்டார்.

"போதும்மா, புரியுது. தொட்டிக்கு இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்," என்று அவர் கைப்பையை எடுத்தார்.

"உட்காருங்க, கையெழுத்தை அப்புறம் போடலாம்," என்றார் அக்கா. "இன்னும் மூணு பட்டன் இருக்கு."