செல்வம் கையில் பழம் வாங்கிய குரங்கு

1996 மே மாதம் நான், மனைவி, மகள் மூன்று பேரும் வால்பாறை போனோம். இயற்கையை ரசிக்க என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் நான் போனது வயிற்றெரிச்சலில். முடிச்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு செல்வம் முந்தின வருஷம் அங்கே போய்வந்து, தன் கையிலிருந்து ஒரு சிங்கவால் குரங்கு வாழைப்பழம் வாங்குகிற போட்டோவை ஹாலில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து என் மகள் கவிதாவுக்கு அந்த வீடே கதி.

"மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர அந்தக் குரங்கு உலகத்துல எங்கயுமே கிடையாதாம்ப்பா. செல்வம் மாமா சொன்னாரு."

பெற்ற அப்பன் ஒருத்தன் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் யார் கேட்கிறார்கள்?

சென்ட்ரலில் இரவு ரயில் ஏறி கோவை. அங்கிருந்து பஸ்ஸில் பொள்ளாச்சி. அங்கே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். செல்வம் கொடுத்தது ஒரே பழம்தானே! வால்பாறைக்கு இன்னும் அறுபத்து நாலு கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் பாறைமேல் வரையாடு நிற்கிறது என்று பஸ்ஸே எழுந்து பார்த்தது. நான் பாலிதீன் பைக்குள் தலையை விட்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஜீப். டிரைவர் மணி உள்ளூர்க்காரர். தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருந்த ஒரு சோலையருகே நிறுத்தினார். "தேயிலை வர்றதுக்கு முந்தி மலை பூராவும் இப்படித்தானுங்க. காடர் ஜனங்க இருந்த காடு."

வெடிப்பலா மரத்தின் உச்சியில் கறுப்பாக ஏதோ அசைந்தது. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. நான் சீப்பைத் தூக்கிக் காட்டினேன்.

"ஐயோ, உள்ள வைங்க சார்! பழம் குடுத்துப் பழக்குனா ரோட்டுக்கு எறங்கிருமுங்க. போன மாசம் ஒரு குட்டி லாரியில அடிபட்டுச்சு."

கவிதா முகம் வாடியது. "அப்போ செல்வம் மாமா கொடுத்தது தப்பா?"

"யாரு குடுத்தாலும் தப்புதானுங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்கே ஜீப் வாடகை தகும். பழத்தை நானே உரித்துத் தின்றேன். குரங்குகள் இறங்கவே இல்லை. கவிதா என் கையைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றாள், திரும்பும்வரை விடவில்லை.

ஊர் வந்ததும் அவள் நேரே செல்வம் வீட்டுக்கு ஓடினாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன். செல்வம் முழுக்கக் கேட்டார். "எனக்குத் தெரியாம போச்சேடா கண்ணு" என்று நாற்காலி போட்டு ஏறி, போட்டோவைக் கழற்றிவிட்டார்.

போகிறவர்கள் மழைக்கு முன்னால் போங்கள். விடியலில் சோலைப் பக்கம் நில்லுங்கள். வாந்தி மாத்திரையைப் பொள்ளாச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். குரங்குக்கு எதையும் நீட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரனை ஜெயிக்க மட்டும் போகாதீர்கள். அன்று செல்வம் வீட்டை விட்டு வெளியே வரும்போது கவிதா சொன்னாள்:

"சொன்ன உடனே கழட்டிட்டாரு பார்த்தீங்களா? நீங்களா இருந்தா சண்டை போட்டிருப்பீங்கப்பா."